எலும்பில் ஒன்றும் இல்லை

போன செவ்வாய்க்கிழமை எழும்பூரில் மின்சார ரயில் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் ஒரு பெரிய பிரவுன் கவர். எக்ஸ்ரே படம் வைக்கிற கவர் — அதை எப்படித்தான் மடக்கிப் பிடித்துக்கொண்டாலும் உள்ளே இருப்பது என்ன என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எதிர் சீட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். கோடம்பாக்கம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“நெஞ்சா சார்?” என்றார்.

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது. கவரை வாங்கினார், படத்தை உருவினார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர் கழுத்தை நீட்டினார். நின்றுகொண்டிருந்த இன்னொருவர் குனிந்தார். எங்கள் தாம்பரம் லைனில் இது சகஜம். காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிற சானடோரியம் ஸ்டேஷன் இருக்கிற லைன் அல்லவா? எத்தனையோ வருஷமாக நெஞ்சுப் படங்கள் இந்த ரயிலில்தான் போகின்றன, வருகின்றன. கிரிக்கெட் ஸ்கோர் தெரியாத பிரயாணி இருக்கலாம். நுரையீரல் படம் பார்க்கத் தெரியாத பிரயாணி இந்த லைனில் கிடையாது.

மூன்று பேரும் கலந்து பேசினார்கள். தீர்ப்பு மாம்பலத்தில் வந்தது.

“க்ளீனா கீது சார். ஒண்ணுமில்ல. வூட்டுக்குப் போயி கறி ஆக்கச் சொல்லு.”

நல்ல மனிதர். நல்ல வார்த்தை. ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்க வேண்டும் நான். சொல்லவில்லை. படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, கவருக்குள் திணித்து, கிண்டி வருகிறவரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. மீனம்பாக்கத்தில் இறங்கிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் இந்தப் பத்திரிகை படிப்பாரா, தெரியாது.

'ஒண்ணுமில்ல' என்கிற வார்த்தை எனக்கு இப்போதெல்லாம் ஆவதில்லை. கேட்டால் உட்கார முடிவதில்லை. எழுந்து நடக்கத் தோன்றுகிறது. ஓடுகிற ரயிலில் எங்கே நடப்பது?

சமீபத்தில் பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கம் பதினோரு வாரம் வரவில்லை. நீங்கள் கடிதம் கடிதமாக எழுதினீர்கள். ஆசிரியரோடு சண்டையா என்றார் ஒருவர். சரக்கு தீர்ந்துவிட்டதா என்று கேட்டார் குரோம்பேட்டை வாசகி ஒருவர் — நேர்மையான கேள்வி. சண்டையும் இல்லை, சரக்கும் தீரவில்லை. என் வலது தொடையில் ஒரு கட்டி இருந்தது. அதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று காலை நடந்த ஒன்றுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம். ஆபீஸில் எழுந்த அவசரத்தில் மேஜை முனையில் தொடையை இடித்துக்கொண்டேன். எனக்கு எதிலும் அவசரம்தான், உங்களுக்குத் தெரியும். இடித்த இடத்தைத் தடவினால் — உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். வலி கிடையாது. இடித்துக்கொண்டதால் வீங்கியிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று, எலுமிச்சம்பழம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மெர்சி — என் மனைவி, சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் — பிடித்துத் தள்ளாத குறையாக என்னை டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். எலும்பில் கீறல் இருக்குமோ என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்தது. பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “எலும்பில் ஒன்றும் இல்லை. கட்டி அப்படியே இருந்தாலோ வளர்ந்தாலோ ஒரு மாதத்தில் திரும்பி வாருங்கள்.”

முதல் வாக்கியம் காதில் விழுந்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். இரண்டாவது வாக்கியம் என் முதுகுக்குச் சொல்லப்பட்டது.

வீட்டுக்கு வந்து மெர்சியிடம் அதை இன்னும் சுருக்கினேன். “ஒண்ணும் இல்லையாம்” என்றேன். 'எலும்பில்' என்கிற வார்த்தை வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது. மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சபைக்குத் தெரிந்தது.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு ஆபத்து நீங்கினால் நாங்கள் இரண்டு காரியம் செய்வோம். வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்போம் — பாட்டு, ஜெபம், கேசரி, காபி. அப்புறம் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் 'சாட்சி' சொல்வோம். எனக்கு இன்னது வந்தது, கர்த்தர் இன்னபடி நீக்கினார், ஸ்தோத்திரம் என்று. நல்ல வழக்கம்தான். துக்கத்துக்கு மட்டும் கூடுகிற உலகத்தில் சந்தோஷத்துக்கும் நாலு பேர் கூடுகிறார்களே.

நான் சாட்சி சொன்னேன். எழுத்துக்காரன் சும்மா சொல்வானா? மேஜை முனையில் ஆரம்பித்தேன். நடுவில் கொஞ்சம் சிரிக்க வைத்தேன். கேன்சராக இருக்குமோ என்று நடுங்கியதைச் சொல்லி கொஞ்சம் அழ வைத்தேன். கடைசியில் — இதை எழுத எனக்குக் கை கூசுகிறது — கையோடு கொண்டுபோயிருந்த எக்ஸ்ரே படத்தை உருவி, சர்ச் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். “பாருங்கள், ஒன்றும் இல்லை” என்றேன். சபையே அண்ணாந்து பார்த்தது. சபையின் மாதப் பத்திரிகையில் அந்தச் சாட்சி அரைப் பக்கம் வந்தது.

ஆகஸ்டில் எலுமிச்சம்பழம் சாத்துக்குடி ஆயிற்று.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போவதென்றால் எப்படிப் போவது? கடவுளுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. கேசரி தின்றாகிவிட்டது. பத்திரிகையில் அச்சாகிவிட்டது. இப்போது போய், மன்னிக்கணும், அது இன்னும் இருக்கிறது என்று சொன்னால் — கொடுத்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஆகாதா? விசுவாசம் இல்லாதவன் என்று ஆகிவிடாதா? இப்படியெல்லாம் யோசித்தேன். படித்தவன்தான் நான். வாரா வாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறவனும் நான்தான்.

உட்கார்ந்தால் நாளிதழைத் தொடைமேல் விரித்துக்கொள்வேன். சர்ச்சில் முழங்கால் போட வேண்டிய நேரத்தில் தலையை மட்டும் கவிழ்த்துக்கொள்வேன். தாம்பரம் ஸ்டேஷனில் மேம்பாலம் ஏறுவதைத் தவிர்க்க சுற்றி நடந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அதை அமுக்கிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஃபைல் பார்க்கும்போது ஒரு கை, சாப்பிடும்போது ஒரு கை. எதன்மேலும் மனசு நிற்கவில்லை. காபி சூடு இல்லை என்று கத்தினேன். சூடாக இருக்கிறது என்றும் கத்தினேன். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் வேறு மேஜை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. என் பேண்ட். இப்போதைய பெல்பாட்டம் ஃபேஷன் உங்களுக்குத் தெரியும் — கீழே யானைக்கால் மாதிரி அகலம், தொடையில் மட்டும் ஒட்டிப் பிடிக்கும். கட்டி உண்மையிலேயே வளர்ந்திருந்தால் அந்த பேண்ட் ஏறுமா? ஏறியது. தினமும் காலையில் ஏறியது. அப்படியென்றால் வளரவில்லை, என் கைதான் பயத்தில் பெரிதாகக் காட்டுகிறது என்று சொல்லிக்கொள்வேன். தினம் காலையில் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் நான் மனிதனாக இருந்தேன்.

நவம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மெர்சி பேண்ட் துணி எடுத்து வந்தாள். எங்கள் டெய்லர் ஏழுமலை மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிறார். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். அவரிடம் அளவு கொடுக்க எனக்குப் பயம். டேப் தொடையைச் சுற்றுமே! அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பழைய பேண்ட் ஒன்றைக் கொண்டுபோய், இதே அளவில் தைத்துவிடுங்கள், எனக்கு ரயிலுக்கு நேரமாயிற்று என்றேன்.

ஏழுமலை பேண்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். வலது காலை விரல்களால் நீவினார். இடது காலை நீவினார். மறுபடி வலது கால்.

“சார், இது நான் தெச்ச பேண்ட்டு. ரைட் கால்ல மட்டும் தையலைப் பிரிச்சி வுட்டுகீறாங்க. ஒரு தபா இல்ல, ரெண்டு தபா. யாரு சார் பிரிச்சது?”

எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. வலது தொடையைச் சுற்றினார். இடது தொடையைச் சுற்றினார். அளவு எழுதுகிற நோட்டைப் புரட்டி, போன வருஷக் கிறிஸ்துமஸ் பக்கத்தைக் கண்டுபிடித்தார்.

“போன தபா ரெண்டு காலும் இருவத்தொண்ணு. இப்போ லெஃப்ட்டு இருவத்தொண்ணு. ரைட்டு இருவத்திநாலு கீது.” டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “பேண்ட்டு அப்பால தெச்சிக்கலாம் சார். நீ மொதல்ல டாக்டராண்ட போ.”

ஐந்து மாதமாக என்னைச் சுற்றி இருந்த எத்தனையோ பேரில் ஒருவரும் சொல்லாத வாக்கியம். ஏழுமலை எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. என் சாட்சியை அவர் கேட்டதில்லை.

ஆபீஸ் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். சனிக்கிழமை; மெர்சி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேண்ட்டை உள்பக்கம் தெரிய அவள் எதிரில் போட்டேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

“எப்ப பிரிச்சே?” என்றேன்.

“ஆகஸ்ட்ல ஒரு தடவை. அப்புறம் போன மாசம்.”

“எல்லா பேண்ட்லயுமா?”

“நாலுலயும்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

அப்போதுதான் நிமிர்ந்தாள். “நீங்க சபைக்கு முன்னாடி படத்தைத் தூக்கிக் காட்டிட்டீங்க. நான் எப்படிங்க கேக்கறது? கேட்டா நான் நம்பாதவள்னு ஆயிடும். துணி இறுக்கிப் பிடிச்சா உங்களுக்கு வலிக்குமேன்னு பிரிச்சு விட்டேன்.”

எனக்கு வலிக்கக் கூடாதென்று அவள் தையலைப் பிரித்தாள். பேண்ட் ஏறுகிறதே என்று நான் நிம்மதி அடைந்தேன். ஒரே வீட்டில், ஒரே கட்டியை, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பீன்ஸைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

திங்கட்கிழமை பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல்தான் படம் பார்ப்பார். பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். சபையே பார்த்த படம்.

விளக்குப் பெட்டியில் அதை மாட்டினார். மேஜையில் கிடந்த ஒரு போஸ்ட் கார்டை எடுத்து, தொடை எலும்பின்மேல் வைத்து மறைத்தார்.

“எல்லாரும் எலும்பைத்தான் பார்ப்பாங்க. வெள்ளையா இருக்கில்லையா, கண்ணு அங்கதான் போகும். எலும்பை மறைச்சுட்டுப் பாருங்க,” என்றார்.

பார்த்தேன். முதலில் வெறும் சாம்பல் நிறம். அவர் பென்சில் முனையால் காட்டினார். சதைக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. கொழுப்பு, எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியுமாம். அந்தக் கோடு நேராக வந்து, ஓரிடத்தில் வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த 'எதையோ'தான் என் எலுமிச்சம்பழம். ஜூன் மாதமே படத்தில் இருந்திருக்கிறது.

கவருக்குள் விட்டு இன்னொரு காகிதத்தையும் எடுத்தார் அவர். ரிப்போர்ட். நான் ஒரு நாளும் அதை வெளியே எடுத்ததில்லை. எலும்பு நார்மல், சதையில் வீக்கம், நீடித்தால் மறுபடி பார்க்கவும் என்று டைப் அடித்திருந்தது. அவர்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை. கர்த்தர் பேரிலும் இல்லை. எல்லோரும் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள். தூக்கிக் காட்டுவதற்குப் படம் நன்றாக இருக்கிறது என்று படத்தை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான்.

புதிதாகப் படம் எடுத்தார்கள். வெறும் கொழுப்புக் கட்டியாக இருந்தால் கறுப்பாகத் தெரியும் என்றார். என்னுடையது சதையின் நிறத்திலேயே சாம்பலாக இருந்தது. அது நல்லதா என்று கேட்டேன். அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். சார்கோமா என்று வந்தது.

கேன்சர் என்றால் வாயில் வரும், வயிற்றில் வரும், பெண்களுக்கு இன்ன இடத்தில் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். வெறும் தொடைச் சதையில் வருமா? வருமாம். பெரியவர்களுக்கு அபூர்வமாக வரும் என்றார். அபூர்வம் என்கிற வார்த்தையை நான் அதுவரைக்கும் நல்ல விஷயங்களுக்கே பயன்படுத்தி வந்தேன்.

மெர்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கால் என்ன ஆகும்?

அதற்குத்தான் இன்னொரு படம் வேண்டும் என்றார் டாக்டர். தொடைக்குள் ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. கட்டி அதைச் சுற்றிப் பிடித்திருந்தால் காலையே எடுக்க வேண்டிவரும். பிடிக்காமல் ஓரமாகத் தள்ளி மட்டும் விட்டிருந்தால், கட்டியைச் சுற்றி இருக்கிற சதையோடு எடுத்துவிட்டு காலை வைத்துக்கொள்ளலாம். ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி, அது ஓடும்போதே படம் பிடித்தால் தெரிந்துவிடும். ஆஞ்சியோகிராம் என்று பெயர்.

நான்கு நாள் கழித்து தேதி கொடுத்தார்கள். அந்த நான்கு நாளை என்னிடம் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை ஜன்னல், எத்தனை கம்பி என்று இப்போதும் சொல்வேன். ஓரிடத்தில் இருங்கள், ஓரிடத்தில் இருங்கள் என்று மெர்சி கெஞ்சினாள். கால் போய்விட்டால் ஓரிடத்தில்தானே இருக்கப் போகிறேன் என்று அவள்மேல் விழுந்தேன். அதைச் சொன்ன அடுத்த நிமிஷமே வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எக்ஸ்ரே மேஜை ஜில்லென்று இருந்தது. கவட்டியில் ஊசி குத்தினார்கள். காலடியில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். ஒருவர் எடுத்த படப்பெட்டியை இழுக்க வேண்டும், மற்றவர் அடுத்ததை உள்ளே தள்ள வேண்டும். மருந்து ஓடுகிற சில விநாடிக்குள் ஐந்தாறு படம். நடுவில் நான் அசைந்தால் எல்லாம் வீண்.

“கொதிக்கிற தண்ணிய ஊத்தின மாதிரி இருக்கும் சார். அசையக் கூடாது,” என்றார் டெக்னீஷியன்.

பிறந்ததிலிருந்து அசையாமல் இருந்தறியாதவனிடம் சொல்கிறார்!

மருந்து இறங்கியது. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் நெருப்பு. நான் அசைந்துவிட்டேன். படம் எல்லாம் கலங்கிப்போயிற்று. யாரும் திட்டவில்லை. டாக்டர் மட்டும் என் பக்கத்தில் வந்து, இன்னும் ஒரு தடவைக்குத்தான் மருந்து கொடுக்க முடியும் என்றார் மெதுவாக. இரண்டாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜெபம் பண்ணினேன் என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால், ஏழுமலையின் டேப் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று, இருபத்திநான்கு, இருபத்தொன்று, இருபத்திநான்கு. கால் அசையவில்லை.

இருட்டறையில் படத்தைக் கழுவிக் காயவைக்க நேரம் ஆகும். டாக்டர் காத்திருக்கவில்லை. ஈரப் படத்தை, அது மாட்டியிருந்த கம்பியோடு தூக்கிக்கொண்டு வந்தார், தண்ணீர் அவர் சட்டையெல்லாம் சொட்டியது. மெர்சியையும் உள்ளே கூப்பிட்டார். கட்டி இருக்கிற இடத்தில் மெல்லிய குழாய்கள் முள்ளுச் செடி மாதிரி பின்னிக் கிடந்தன. அதன் பக்கத்தில் பெரிய குழாய் தெரிந்தது. ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்தால் பஸ் சற்று ஒதுங்கி, அப்புறம் பழைய ரோட்டுக்கே வருமே, அப்படி அது வளைந்து போய் மறுபடி நேரானது.

“தள்ளித்தான் விட்டிருக்கு. பிடிக்கல,” என்றார்.

மெர்சி அந்த ஈரக் கம்பியைத் தொட்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் சபையில் அப்படிச் செய்கிற வழக்கம் கிடையாது.

ஆபரேஷன் நடந்தது. தொடையின் முன்பக்கச் சதையில் பாதி போயிற்று, கால் இருக்கிறது. கைத்தடியோடு நடக்கிறேன். மாடிப்படி ஏறுவது மட்டும் சிரமம். ஜூலையில் வந்திருந்தால் இவ்வளவு எடுத்திருக்க வேண்டாம் என்று சர்ஜன் சொன்னார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார்.

சபையிலிருந்து பார்க்க வந்தார்கள். ஆரஞ்சுப் பழமும் பைபிளிலிருந்து சங்கீத வசனமும் கொண்டுவந்தார்கள். போதகர் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். அப்புறம், செப்டம்பரிலேயே என் நடை மாறியதைக் கவனித்ததாகச் சொன்னார். பாடகர் குழுவில் இரண்டு பேர் கவனித்தார்களாம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, நான் முழங்கால் போடாததைக் கவனித்தாராம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! கேட்டால் என் விசுவாசத்தைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்பினால்தான் சும்மா இருந்தார்கள். எனக்கு என்னவோ ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டு இருந்தீர்களே, ஒருத்தருக்காவது வாய் இல்லையா என்று மனசுக்குள் கத்தினேன். இந்த ஆத்திரம் இன்று காலை வரைக்கும் அடங்கவில்லை.

இந்த நோய் திரும்பி வந்தால் முதலில் நுரையீரலுக்குத்தான் வருமாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் படம். செவ்வாய்க்கிழமை எடுத்தது அதுதான். “இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை” என்றார் கண்ணாடி டாக்டர். 'இன்றைக்கு' என்பதை அழுத்திச் சொன்னார். நானும் இந்தத் தடவை கடைசி வார்த்தை வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன்.

இன்று ஞாயிறு. சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்தேன். படம் எதுவும் எடுத்துப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கட்டி வளர்ந்தது எனக்குத் தெரியும், மறைத்தேன் என்றேன். நுரையீரல் இன்றைக்கு நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்றேன். நான் நொண்டுவது அதிகமானால் தயவுசெய்து என்னைக் கேளுங்கள், கேட்பது அவிசுவாசம் இல்லை என்றேன். சிரிக்கவும் வைக்கவில்லை, அழவும் வைக்கவில்லை. சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் வழக்கமாகக் கை கொடுக்கிறவர்கள்கூட ஒதுங்கிப் போனார்கள். வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எல்லோரும் போயாகிவிட்டது, மெர்சியைக் காணோம். எனக்குப் பொறுமை போயிற்று. உள்ளே போய்ப் பார்த்தேன்.

கடைசி பெஞ்சில் மெர்சியும் ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயசு இருக்கும் அவருக்கு. கல்யாணம் ஆகாதவர், தனியாக இருக்கிறார். மெர்சியின் கை அவர் கையைப் பிடித்திருந்தது. என்னைக் கண்டதும் டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நாளைக்கு லீவு போடுங்க,” என்றாள் மெர்சி. “டீச்சரை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். எதுக்குன்னு இப்ப கேக்காதீங்க.”

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த டீச்சர் போன வருஷம் ஈஸ்டர் அன்று எழுந்து நின்று, “என் சரீரத்தில் இருந்த ஒரு பலவீனத்தைக் கர்த்தர் நீக்கிவிட்டார்” என்று சாட்சி சொன்னவர்.

அன்றைக்குச் சபையில் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவன் நான்.